அக்காவை ஜெயிக்கவைக்கச் சொன்னார்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் தானாக ஊறி வந்ததல்ல. கேட்டு வாங்கியது. அறுபதைத் தாண்டியவர்களைப் பற்றி ஒரு பதிப்பகம் தொகுப்பு நூல் கொண்டுவருகிறது. அதன் தொகுப்பாசிரியர் ஒருநாள் காலையில் போன் செய்தார்.

“மேடம், படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரணும். வயசு வெறும் நம்பர்தானேன்னு தோணணும். கடைசியில ஒரு ஜெயம் இருந்தா போதும், மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.”

“எங்க அக்கா செஸ் ஆடுறா,” என்றேன்.

“அடடே! எத்தனை வயசு?”

“அறுபத்தொண்ணு.”

“ஜெயிப்பாங்களா?”

யோசித்துப் பதில் சொல்லியிருக்கலாம். “ஜெயிக்காம?” என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஏக சந்தோஷம். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அக்கா கடைசியாக ஒரு பரிசு வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

2

தொடக்கங்கள்.

“இளங்காலை வெயில் சதுரங்கக் கட்டங்களின் மேல் பொன்னாய்ப் படிந்திருந்த—” அக்கா ஆடும் கூடத்தில் ஜன்னல் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. இரண்டு டியூப் லைட், எட்டு மேஜை, தண்ணீர் ஃபில்டர். வெயில் அங்கே வந்ததே இல்லை.

“அறுபத்தொரு வயதிலும் அந்த விரல்கள் நடுங்கவில்லை, ஏனென்றால்—” நடுங்கும். அதனால்தான் அவள் காயை எடுக்கும் முன் கையை ஒருமுறை தொடையில் தேய்த்துக்கொள்வாள்.

“என் அக்கா ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.” இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

என் அக்கா ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். முப்பத்து நான்கு வருடமாகத் தரைத்தளத்தில் ஒரே அறை. “மூச்ச இழுங்க… அப்படியே பிடிங்க… விடுங்க” என்று ஒரு நாளைக்கு அறுபது பேருக்காவது சொல்வாள். ஓய்வுபெற்ற பிறகும் காலை ஷிஃப்டுக்கு வரச் சொன்னதால் போய்க்கொண்டிருக்கிறாள். செஸ் கற்றுக்கொண்டது அங்கேதான், இருபத்தேழு வயதில். அப்போதெல்லாம் படத்தைக் கழுவிக் காயவைக்க வேண்டும். காயும்வரை இருட்டறையில் வேலை பார்த்தவரும் இவளும் ஒரு ஸ்டூலின் மேல் அட்டையை விரித்து ஆடுவார்கள். அவர் மாற்றலாகிப் போனார். இவள் கிளப்பில் சேர்ந்தாள்.

* செஸ் தெரியாதவர்களுக்கு: போட்டிகளில் ஆடும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. ரேட்டிங் என்பார்கள். ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். உங்களைவிடப் பெரிய எண்காரரை ஜெயித்தால் நிறைய ஏறும். சின்ன எண்காரரிடம் தோற்றால் நிறைய இறங்கும். இவ்வளவு தெரிந்தால் போதும், எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

அக்காவின் உச்சம் 1712. அப்போது வயது நாற்பத்து மூன்று. இந்தக் கதை தொடங்கும்போது 1496.

3

இந்த இடத்தில் ஒரு கட்டுரையாசிரியராக மாறி, அனுபவம் வயதை எப்படி ஈடுகட்டுகிறது என்று இரண்டு பத்தி எழுதினேன். பண்பட்ட பார்வை, நிதானம், அது இது என்று. பிறகு சந்தேகம் வந்து அக்காவிடமே கேட்டேன்.

“அனுபவம் கூடக் கூட ஆட்டமும் கூடணும் இல்லையா?”

அக்கா நறுக் நறுக்கென்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். “முன்னாடியெல்லாம் பத்து மூவ் யோசிப்பேன், அதுல ஒண்ணு சரியா இருக்கும். இப்ப ரெண்டுதான் யோசிக்கிறேன். ரெண்டுமே சரியா இருக்கும்.”

“பாத்தியா! அதைத்தான் நானும் எழுதியிருக்கேன்.”

“முழுசா கேளு. மூணாவது மணி நேரத்துல அந்த ரெண்டும் மறந்துபோகும்.”

இரண்டு பத்திகளையும் அடித்துவிட்டேன்.

4

அத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்காவின் கணவர். லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையில் இருந்தவர், வயது அறுபத்து மூன்று. அவரும் செஸ் ஆடினவர்தான். இவளைவிட நன்றாக. நாற்பத்தொன்பதாவது வயதில் 1903 எடுத்தார். எடுத்த மாதமே நிறுத்திவிட்டார். பதினான்கு வருடமாக ஒரு போட்டியிலும் உட்காரவில்லை. வீட்டிலும் தொடுவதில்லை.

இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஆடாதவருடைய ரேட்டிங் இறங்காது. ஊறுகாய் போட்ட மாதிரி அப்படியே இருக்கும். அத்தான் புதிதாக யாரையாவது பார்த்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் 1903 வந்துவிடும். “நான் ஆடின காலத்துல…” என்று இழுக்கும்போதே அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

(முதல் வரைவில் அத்தானை வில்லனாக்கியிருந்தேன். மீசையெல்லாம் வைத்திருந்தேன். அவருக்கு மீசை கிடையாது.)

5

கிளப் செயலாளர் முப்பத்தெட்டு வயதுக்காரர், கம்ப்யூட்டரில் வேலை. கெட்டவர் இல்லை. கூடத்துக்குக் காற்றாடி மாற்றியது, கடிகாரங்களுக்குப் பேட்டரி போடுவது எல்லாம் அவர்தான். ஆண்டுக் கூட்டத்தில் அவர் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கீழே வயது, பக்கத்தில் ரேட்டிங். உறுப்பினர்கள் எல்லோரும் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. இருபதுகளில் விறுவிறுவென்று ஏறி, முப்பதுகளில் தட்டையாகி, பிறகு மெல்லச் சரிந்தது. அந்தச் சரிவின் கடைசியில் தனியாக ஒரு புள்ளி. பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை, அந்தக் கூடத்தில் அறுபதைத் தாண்டி ஆடுகிற ஆள் ஒருத்திதான்.

விஷயம் இதுதான். லீக் போட்டிக்குக் கிளப் ஐந்து பேரை அனுப்பும். ஐந்தாவது இடம் இருபத்திரண்டு வருடமாக அக்காவுடையது. அந்த இடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டரைப் போடலாம் என்பது செயலாளரின் யோசனை. வயது முப்பத்து நான்கு, ரேட்டிங் 1702.

“உங்களைக் கௌரவ ஆலோசகரா போடலாம்னு இருக்கோம்க்கா. மேடையில உங்களுக்கு நாற்காலி.”

“நான் எதுக்கு ஆலோசனை சொல்லணும்?”

“இல்லக்கா, உங்க அனுபவம்…”

“அனுபவத்தை வெச்சு ஆடத்தானே முடியும்? சொல்லி என்ன ஆகும்?”

செயலாளர் சங்கடமாகச் சிரித்தார். “அக்கா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்தக் கோடு பாருங்க. அறுபத்தஞ்சுல ஆயிரத்து நானூறுக்குக் கீழ வந்துடும். இப்பவே நிறுத்திட்டா இந்த நம்பராவது நிக்கும்.”

“குறையட்டுமே,” என்றாள் அக்கா. “குறையறதுக்கும் ஒரு ஆள் இருக்கணும்ல? அந்த நம்பர் என்னோடது. ஏறினப்போ நான்தான் ஏத்தினேன். இறங்குறதையும் நானே இறக்கிக்கிறேன்.”

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அக்கா திரும்பி முறைத்ததும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்குக் கைதட்டல் வேண்டியிருக்கவில்லை. பல் டாக்டரோடு நான்கு ஆட்டம் வேண்டும் என்றாள். ஜெயித்தவர் அணியில். முறைப்படி பதிவு செய்த ஆட்டங்கள், ரேட்டிங்குக்குக் கணக்காகிறவை.

செயலாளர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: சமமாக முடிந்தால் ரேட்டிங் அதிகமுள்ளவருக்கு இடம்.

“அதாவது எனக்கில்ல.”

“விதி அப்படிக்கா.”

“சரி. எழுதிக்கோங்க.”

6

நான் தொகுப்புக்கு எழுதிய முடிவு இது. கூச்சத்தோடு காட்டுகிறேன்:

“நான்காவது ஆட்டம். கூடமே மூச்சடைத்து நின்றது. பல் டாக்டரின் நெற்றியில் வியர்வை. அக்கா குதிரையைத் தூக்கினாள். முப்பத்து நான்கு வருட அனுபவமும் அந்த ஒரு பாய்ச்சலில் திரண்டது. ‘செக்மேட்,’ என்றாள் மென்மையாக. பல் டாக்டர் எழுந்து நின்று கைகூப்பினார்…”

இன்னும் அரைப் பக்கம் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் அக்காவிடம் கொடுத்தேன். அவள் பென்சிலோடு உட்கார்ந்தாள். எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரி தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தாள். பிறகு ஓரங்களில் எழுதினாள். அப்படியே தருகிறேன்:

“குதிரை இப்படிப் போகாது.”

“நான் மென்மையா எதையும் சொன்னதில்ல.”

“அந்தப் பையன் பாவம், வேர்க்கவே இல்ல. ஏசிக்கு அடியில உக்காந்திருந்தான்.” (காற்றாடியைத்தான் ஏசி என்கிறாள்.)

கடைசிப் பத்தியின் மேல் குறுக்காக ஒரு கோடு. அதற்குக் கீழே ஒரே சொல்: “பொய்.”

“அக்கா, இது கதை,” என்றேன். “கொஞ்சம் மாத்தலாம்.”

“மாத்து. எனக்கு மூக்கை நீளமா வை, வேலைய மாத்து, உன் அத்தானை நாலு லிஃப்ட்ல மாட்டிவிடு. ஜெயிச்சேன்னு மட்டும் எழுதாத.”

“படிக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை…”

“ஜெயிச்சாதான் நான் அங்க உக்காரலாம்னு சொல்றியா? அதைத்தானேடி அந்தச் செயலாளரும் சொன்னாரு. நீ கொஞ்சம் அழகா சொல்ற, அவ்வளவுதான்.”

எனக்கு ஐம்பத்தைந்து வயது. ஏழு புத்தகம் எழுதியிருக்கிறேன். ஒரு எக்ஸ்ரேக்காரி பென்சிலை வைத்துக்கொண்டு என்னை இப்படி நிறுத்துவாள் என்று நான் நினைத்ததில்லை. கோபம் வந்தது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாவது நாள் வேறு தாள் எடுத்தேன்.

7

நடந்தது.

முதல் ஆட்டம் தோல்வி. நல்ல நிலையில் இருந்தாள். மூன்றாவது மணி நேரத்தில் யானையை எடுக்க நினைத்துப் பக்கத்துச் சிப்பாயைத் தொட்டுவிட்டாள். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தினாள், முடிந்தது.

இரண்டாவது, வெற்றி. பலகையில் காய்கள் குறைந்து ராஜாவும் யானையும் நாலைந்து சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய ஆட்டம். பல் டாக்டர் வேகமாக ஆடினார். அக்கா நின்ற இடத்திலேயே நின்று, அவர் அவசரப்படும்வரை காத்திருந்து, ஒவ்வொரு சிப்பாயாகப் பொறுக்கினாள். “இப்படி எலும்பு மட்டும் மிஞ்சினதை ஆயிரம் பாத்துட்டேன்,” என்றாள் என்னிடம்.

மூன்றாவது டிரா. வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை. ஆளுக்கு ஒன்றரை. அதாவது நான்காவதில் அக்கா ஜெயித்தே தீர வேண்டும். டிரா ஆனாலும் இடம் பல் டாக்டருக்கு.

நான்காவது ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டரை மணி நேரம் கழித்து மறுபடியும் யானையும் சிப்பாய்களும். அக்காவுக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆனால் அதை வைத்து ஜெயிக்க முடியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செயலாளர் என் காதில் கிசுகிசுத்தார்: “டிராதான். இதுக்கே அக்காவுக்கு அஞ்சு புள்ளி ஏறும். பெரிய ரேட்டிங்கோட டிரா பண்ணா ஏறும்ல.”

பல் டாக்டர் தலை நிமிர்ந்தார். “டிரா பண்ணிக்கலாமா?” மரியாதையாகத்தான் கேட்டார்.

அக்கா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையைத் தொடையில் தேய்த்தாள்.

“ஆடலாம்,” என்றாள்.

ராஜாவை வெளியே கொண்டுவந்தாள். பாதுகாப்பான இடத்தை விட்டுவிட்டுச் சிப்பாய்க்குத் துணையாக அதை நடத்தினாள். எதிர்ப்பக்க யானை அலையத் தொடங்கியது. பன்னிரண்டு நகர்த்தல்வரை எனக்கே ஒரு ஆசை வந்துவிட்டது. பதின்மூன்றாவதில் அவளுடைய ராஜாவும் அதற்குப் பின்னால் அவளுடைய யானையும் ஒரே நேர்கோட்டில் நின்றன. பல் டாக்டரின் யானை அந்தக் கோட்டுக்கு வந்தது. செக். ராஜா விலகினால் பின்னால் இருக்கிற யானை போகும். விலகாமல் இருக்க முடியாது.

அக்கா அரை நிமிடம் பார்த்தாள். கடிகாரத்தை நிறுத்தி, தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினாள்.

“நீங்க டிரா எடுத்துப்பீங்கன்னு நினைச்சேன்,” என்றார் பல் டாக்டர்.

“நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைச்சேன்.”

இறங்கும்போது இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

“அழறியா?”

“முட்டி வலிக்குதுடி.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே கண்ணாடிக் கடையில் யாருக்கோ எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“அந்தச் செக்க நான் பாத்திருக்கணும். பத்து வருஷம் முன்னாடின்னா பாத்திருப்பேன்.”

“விடு.”

“ஆனா பத்து வருஷம் முன்னாடின்னா டிரா எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.”

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது என்ன என்று நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். பெருமிதம். (இல்லை.) துக்கம் கலந்த— (இல்லை.) அமைதி. (நிச்சயமாக இல்லை.) வம்பு பண்ணிவிட்டு வந்த முகம். கிட்டத்தட்ட அதுதான்.

8

அடுத்த மாதப் பட்டியல் வந்தது. அக்காவின் ரேட்டிங் 1507.

ஆமாம், ஏறியிருந்தது. பதினொரு புள்ளி. அச்சுப் பிழை என்று நினைத்துச் செயலாளருக்கு நானே போன் செய்தேன். அவர் விளக்கினார். இருநூறு புள்ளி அதிகமுள்ள ஒருவரோடு நான்கு ஆட்டம் ஆடினால், அக்கா மொத்தமாக ஒரு வெற்றிக்கான புள்ளிதான் எடுப்பாள் என்று கணக்கு எதிர்பார்க்கிறது. அவள் ஒன்றரை எடுத்துவிட்டாள். ஆகவே தோற்றாலும் ஏற்றம்.

“அப்ப இடம்?”

“இடம் டாக்டருக்குத்தான் மேடம்.”

போனை வைக்காமலே பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள், இருமும்வரை சிரித்தாள். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, “தம்பி, உங்க படத்துல என் புள்ளிய கொஞ்சம் மேல வெச்சிடுங்க,” என்றாள்.

* கதையை இங்கேயே முடித்திருக்கலாம். சிரிப்பில் முடியும் கதைகளைத் தொகுப்பாசிரியர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

9

அத்தான் நல்ல மனநிலையில் இருந்தார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல,” என்றார் அக்காவிடம். “இதான் சரியான நேரம். இத்தோட நிறுத்திக்கோ. இனிமே யாரும் உன்னை எதுவும் சொல்ல முடியாது.”

“அடுத்த மாசம் ஒரு ஓபன் போட்டி இருக்கு. பேரு கொடுத்துட்டேன்.”

“எதுக்கு? போய் முப்பது புள்ளிய விட்டுட்டு வர்றதுக்கா?”

“ஆமா.”

“உனக்கு வெக்கமாவே இல்லையா? கிளப்ல அத்தனை பேர் முன்னாடி தோத்துட்டு… நான் பாரு, இன்னிக்கும் நாலு பேருகிட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூணுன்னு சொன்னா—”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அது உங்க ரேட்டிங் இல்லைங்க. அது நாப்பத்தொம்பது வயசுல எடுத்த போட்டோ. இப்ப உங்களுக்கு என்ன ரேட்டிங்னு உங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும், என்னோடது என்னன்னு.”

அத்தான் பாதியில் எழுந்தார். கை கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, “அதிகமா பேசிட்டேனா?” என்றாள்.

என்னை வீட்டில் விட அத்தான்தான் வண்டி எடுத்தார். பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போது, அவராகவே ஆரம்பித்தார்.

“நான் ஏன் நிறுத்தினேன்னு அவகிட்ட சொன்னதில்ல.”

சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

“அந்த வருஷம் ஒரு கட்டடத்துல லிஃப்ட் சோதனை. பிரேக்கைப் பாத்தேன், கயிறைப் பாத்தேன், எல்லாம் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். கதவுப் பூட்டை மட்டும் பாக்கல. பாத்த மாதிரியே ஞாபகம். மறுநாள் கூட வேலை பாக்கிறவர் கண்டுபிடிச்சுட்டாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா எனக்குத் தூக்கமே போச்சு. அதே மாசம் ஒரு ஆட்டத்துல ராணிய கவனிக்காம வெட்டுக்கு விட்டுட்டேன். எதிராளி கவனிக்கல, நான் ஜெயிச்சேன். அந்த ஜெயத்துலதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூணு வந்தது.”

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை.

“ஆட்டத்தை நிறுத்தினா அந்தப் பயம் போயிடும்னு நினைச்சேன். பயம் போகல. ஆட்டம் மட்டும் போச்சு.”

(பதினான்கு வருடமாக நான் கேலி செய்த மனிதர். நான்காம் பிரிவில் “ஊறுகாய்” என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியட்டும்.)

“அக்காகிட்ட சொல்லுங்க அத்தான்,” என்றேன்.

“சொன்னா ஆறுதல் சொல்லுவா. அது வேண்டாம்.”

10

யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய அந்த ஓபன் போட்டி ஒரு பள்ளிக்கூடத்தில், விடுமுறை நாட்களில். எண்பத்து நான்கு பேர். ரேட்டிங் வரிசைப்படி பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அக்கா நாற்பத்தாறாவது. தன் பெயரைத் தேடி மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தவள் ஒன்பதாவது வரியில் நின்றாள்.

“இதென்னடி, உன் அத்தான் பேருலயே இன்னொருத்தர்?”

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. காலையில் “லிஃப்ட் சங்கத்துக் கூட்டம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அக்கா அவரிடம் போகவில்லை. இங்கிருந்தே பார்த்தாள். அவரும் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல் அவரவர் மேஜைக்குப் போனார்கள்.

முதல் சுற்றில் அத்தான் 1610 ரேட்டிங் உள்ள ஒரு பெண்ணிடம் தோற்றார். முப்பத்தோராவது நகர்த்தலில் கடிகாரத்தை அமுக்க மறந்து, தன் நேரம் தீரும்வரை உட்கார்ந்திருந்தார். இரண்டாவதிலும் தோல்வி. இடைவேளையில் வாசல் படியில் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். மணியடித்ததும் எழுந்து உள்ளே போனார். மூன்றாவதில் ஜெயித்தார். வெளியே வந்தபோது காதுமடல் சிவந்திருந்தது. “கஷ்டப்பட்டுத்தான்,” என்றார் என்னிடம். 1903ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்கா தோல்வி, வெற்றி, தோல்வி.

* ஓபன் போட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களைத்தான் மோதவிடுவார்கள். ஜோடி போடுவது கம்ப்யூட்டர். அதற்கு யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது. இதை நான் கதைக்காக ஏற்பாடு செய்யவில்லை. செய்திருந்தால் இன்னும் நம்பும்படி செய்திருப்பேன்.

நான்காவது சுற்று, முப்பத்தோராம் மேஜை. அக்காவுக்கு வெள்ளை. அத்தானுக்குக் கறுப்பு.

ஜோடிப் பட்டியல் முன்னால், அங்கே வந்த பிறகு முதல்முறையாக அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

“வீட்டுக்குப் போயிடலாமா?” என்றார் அத்தான்.

“எதுக்கு? பயமா இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கும்தான். வாங்க.”

உட்கார்ந்தார்கள். ஆட்டத்துக்கு முன் கைகுலுக்க வேண்டும், அது விதி. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் ஆன இருவர் மேஜைக்கு மேல் கைகுலுக்கிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அத்தான் தன் கையை இரண்டு நொடி அதிகமாக வைத்திருந்தார். அக்கா உருவிக்கொண்டு ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள்.

11

தொகுப்பாசிரியர் போன் செய்தார். கதை எங்கே என்றார். மேலே உள்ள பத்துப் பிரிவுகளையும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார்.

“நல்லா இருக்கு மேடம். ஆனா யாரு ஜெயிச்சாங்க?”

“சொல்ல மாட்டேன்.”

“இல்ல… அக்கா ஜெயிச்சாங்கன்னு ஒரு வரி போட்டுட்டா போதும். அத்தானை ஜெயிச்சா இன்னும் விசேஷம்.”

“போட மாட்டேன்.”

“அப்ப தோத்துட்டாங்களா?”

“அதையும் சொல்ல மாட்டேன்.”

அவர் குரலில் முதல்முறையாகப் புன்னகை இல்லை. “வாசகர்களுக்கு ஒரு முடிவு வேணும் மேடம்.”

எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன். மூன்று மணி நேரம் பத்து நிமிடம் நின்றுகொண்டே பார்த்தேன். கடைசி நகர்த்தல்வரை தெரியும். அதற்குப் பிறகு அவர்கள் இருவருடைய ரேட்டிங் என்ன ஆயிற்று என்பதும் தெரியும். போட்டி முடிந்த மறுநாளே அடுத்த போட்டிக்கு ஒரே விண்ணப்பத்தில் இருவரும் பெயர் கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பீர்கள். அக்கா ஜெயித்தாள் என்று எழுதினால், விடாமல் ஆடிய அனுபவம் வென்றது என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவீர்கள். அத்தான் ஜெயித்தார் என்றால், என்ன இருந்தாலும் பழைய 1903 அல்லவா என்பீர்கள். டிரா என்றால், ஆகா, தாம்பத்தியம் என்று உருகுவீர்கள். மூன்றுக்கும் நான் ஆளில்லை. அவர்கள் இருவரும் எதையும் நிரூபிக்க அங்கே உட்காரவில்லை. ஆட உட்கார்ந்தார்கள்.

தொகுப்பில் சேர்ப்பது பற்றிக் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகத் தொகுப்பாசிரியர் சொன்னார். பேசட்டும். அவர்கள் மறுத்தால் வேறெங்காவது கொடுப்பேன். எங்கே கொடுத்தாலும் இதே இடத்தில்தான் நிறுத்துவேன்:

சுற்றிலும் மற்ற மேஜைகள் எல்லாம் காலியாகிவிட்டன. நடுவர் நாற்காலிகளை ஓசைப்படாமல் அடுக்குகிறார். முப்பத்தோராம் மேஜையில் மட்டும் இரண்டு தலைகள், இரண்டும் நரைத்தவை, ஒன்றை ஒன்று முட்டிவிடும் போலக் குனிந்திருக்கின்றன. அக்காவின் முறை. கடிகாரம் அவள் பக்கம் ஓடுகிறது. அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது, அவள் தோள் சொல்கிறது. அது சரியான நகர்த்தலா இல்லையா என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது, முக்கியமாக அவளுக்கே இன்னும் தெரியாது.

நீங்கள் பார்க்கலாம். பக்கத்தில் வந்துகூட நிற்கலாம். ஆனால் யாரும் வாய் திறக்கக் கூடாது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.